அலைமூலர் சுவாமிகளும் ஆறு அட்டைப்பெட்டிகளும்

அண்டம் அலைகளால் ஆனது. ஆகாயம் அலை, ஆன்மா அலை, அன்னம்கூட அலை. அலையின் மூலம் அறிந்தவன் அனைத்தின் மூலமும் அறிந்தவன்.

இப்படி அருளினார் அலைமூலர் சுவாமிகள். அருளிய நேரத்தில் அவருடைய போனில் சிக்னல் இல்லை. யாரோ அனுப்பிய காணிக்கை வந்துவிட்டதா என்று பார்க்க, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். கூட்டம் அதை அபய முத்திரை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா? கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி இருக்கும் குறிஞ்சி கார்டனில் குடியிருப்போர் சங்கக் கட்டடம் நிரம்பி, வராந்தா நிரம்பி, மிச்சப் பேர் ஷட்டில் கோர்ட்டில் நின்றார்கள். இன்ஜினியர்கள், பேங்க் மேனேஜர்கள், பனியன் ஏற்றுமதிக்காரர்கள். குடிநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றிப் பேச இதே சங்கம் கூட்டம் போட்டபோது வந்தவர்கள் தலைவர், செயலாளர், ஒரு நாய்.

சுவாமிகள் பார்த்துச் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். உங்கள் வீட்டு இன்டர்நெட் மோடம் எந்த அறையில் இருக்க வேண்டும்?

சிரிக்காதீர்கள். சமையலறைக்கு வாஸ்து உண்டு, கக்கூசுக்கு வாஸ்து உண்டு, கார் நிறுத்தும் இடத்துக்கும் உண்டு. இருபத்துநான்கு மணி நேரமும் பச்சை விளக்கு எரியும் மோடத்துக்கு மட்டும் கிடையாது என்றால் அது என்ன நியாயம்? தப்பான மூலையில் மோடம் இருந்தால் ‘அலைதோஷம்’. நெட்டு நிற்கும், கல்யாணம் தட்டும், சர்க்கரை ஏறும். சரியான மூலைக்கு மாற்றினால் எல்லாம் நேராகும். மாற்றுவதற்கு வேண்டிய, மஞ்சளில் முக்கிக் காப்புக் கட்டிய கேபிள் சுவாமிகளிடமே கிடைக்கும். தட்சிணை எவ்வளவு என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். ருத்ராட்சத்தோடு கழுத்தில் தொங்கும் கியூஆர் அட்டை சொல்லும்.

அனுபவம் சொல்ல ஆள் குறைவில்லை. மோடத்தை வடமேற்கு அறைக்கு மாற்றியதும் மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது என்றார் ஒருவர். மகன் ஜெர்மனிக்குப் போனது அதற்கு முந்தைய வருஷம். அலை பின்னோக்கியும் பாயும் போலிருக்கிறது.

“இது மூடநம்பிக்கை இல்லைங்க, சயின்ஸ்” என்றார் சங்கத் தலைவர் வெங்கடபதி. நூற்பாலை மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், படித்தது பௌதிகம். “அலைன்னா ஃப்ரீக்வன்சி. தேங்காய்க்குள்ள தண்ணி இருக்குது. தண்ணிக்கும் ஃப்ரீக்வன்சி இருக்குது. ரெண்டும் சேந்தா காய் எந்திரிச்சு நிக்கும். வெளிநாட்டுலயே ஆராய்ச்சி பண்ணீட்டிருக்காங்க.”

எந்த வெளிநாடு என்று யாரும் கேட்கவில்லை. தலைவரை அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

அந்தத் தேங்காய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். துறவறத்துக்கு முன்னால் சுவாமிகளின் பெயர் மாரப்பன். மதுக்கரையில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரக் காடு தோட்டங்களில் போர் போட இடம் காட்டுவது தொழில். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் காய் தானாக எழுந்து, குடுமி வானத்தைப் பார்க்க நிற்கும். நின்ற இடத்தில் குழி போட்டார்கள். ஆயிரம் அடி போனார்கள். புழுதி வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலர் மாரப்பனுக்குப் போன் செய்து, “ஏனுங்க, சித்தெ இக்கட்டால வந்துட்டுப் போங்களே” என்றார்கள். கொங்குநாட்டில் உதைப்பதற்குக் கூப்பிட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மாரப்பன் போகவில்லை. யோசித்தார். தண்ணீர் பொய்த்தால் நிலத்தில் ஓட்டை தெரிகிறது. அலை பொய்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பதில் இருக்கும் நிம்மதியே தனி. தேங்காய் அதேதான். ஆள் மட்டும் அலைமூலர் ஆகிவிட்டார்.

குறிஞ்சி கார்டனில் முதலில் அவரை வீட்டுக்கு அழைத்தவர் செங்கோடன். இவர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவர் ஏமாறவே கூடாத மனிதர்.

செங்கோடனுக்குச் சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை. அவருடைய மோட்டார் ஒன்று வெளியே போக வேண்டும் என்றால், டெஸ்ட் பெஞ்சில் ஏற்றித் தண்ணீர் இறைத்துக் காட்டிய பிறகுதான் போகும். அதுவும் போதாமல் திருப்புளியின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பேரிங் லேசாக முனகினாலும், “இது ஆகாது, கழட்டுங்க” என்பார். சொந்த அண்ணன் அனுப்பிய சரக்கையே திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவர், உள்ளங்கையில் தேங்காயோடு வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

காரணம் இருந்தது. பட்டறையை மகன் அருள்குமார் கையில் பாதி விட்டபிறகு, செங்கோடனுக்குப் பொழுதுபோக்கு ஒன்றே ஒன்று. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை வீடியோக்களைப் போனில் பார்ப்பது. வீட்டில் மாடு கிடையாது, கட்ட இடமும் கிடையாது. ஆனாலும் எந்தக் காளை என்ன விலைக்குப் போயிற்று என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. அதில்தான் கோளாறு.

“காத்தால பாத்தா ஜம்முனு ஓடுதுங் சாமி. பொழுது சாஞ்சா சுத்துது. ஒரு எருமை வாய் தொறந்துதுன்னா மூடவே மாட்டேங்குது.”

சுவாமிகள் கண்ணை மூடினார். “மாலையில் அலை மேற்கே சாயும். உம் இல்லத்தில் மோடம் எங்கே அமர்ந்திருக்கிறது?”

“மாடியிலீங்க. மருமக ரூம்புல.”

“ஆஹா” என்றார் சுவாமிகள், டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது போல.

தேங்காய் வீடு முழுக்க வலம் வந்தது. மாடியில் படுத்தே கிடந்தது. ஹாலில் தூங்கியது. சமையலறையில், அரிசி டிரம்முக்கு மேலே, மெதுவாக, மிக மெதுவாக, ராஜா சிம்மாசனத்தில் இருந்து எழுவது போல எழுந்து நின்றது. செங்கோடனின் மனைவி நஞ்சம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அக்னி மூலை!” என்றார் சுவாமிகள். “மோடம் நெருப்பின் அம்சம். நெருப்பு நெருப்போடு சேர வேண்டும்.”

மறுநாள் இன்டர்நெட் கம்பெனியின் ஆள் ஷேக் பரீத் வந்தார். மாடியில் இருந்து சமையலறைக்கு நேராகக் கேபிள் இறக்கலாம் என்றார். கூடாது என்றார் சுவாமிகள். கேபிள் வீட்டை வலமாகச் சுற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும், மூலைக்கு மூலை மஞ்சள் துணி முடிச்சு போட வேண்டும். “உள்ளுக்குள்ள கண்ணாடி நாருங்க, இறுக்கிக் கட்டினா செத்துப்போயிருமுங்க” என்று பரீத் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு அரைஞாண் கட்டியது போல மஞ்சள் கேபிள் ஓடியது. மோடம் அரிசி டிரம்முக்கு மேலே, அடுப்புக்குப் பக்கத்தில், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் செங்கோடன் போனைத் திறந்தார். சந்தை ஜம்மென்று ஓடியது. “பாத்தியா நஞ்சு! சாமி சாமிதான்!”

சாயங்காலம் சுற்றியது. சுவாமிகளிடம் கேட்டதற்கு, புது மூலைக்கு அலை பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். அதையும் செங்கோடன் நம்பினார்.

இதில் நாசமாய்ப் போனது மருமகள் லோகப்பிரியாவின் பிழைப்பு. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே வேலை பார்ப்பவள். கம்பெனி எழுதும் மென்பொருளில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. புருஷன் அருள்குமார் பம்ப் விற்க ராஜ்கோட் பக்கம் போனால் திரும்ப நாளாகும். ஆபீஸ் லேப்டாப் வீட்டு இணைப்பைத் தவிர வேறு எதையும் ஏற்காது. மோடம் சமையலறைக்குப் போனபிறகு மாடி அறைக்கு வந்த சிக்னல், நோயாளியின் நாடி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டிய நிலை. வேறு வழி இல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அரிசி டிரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் மீட்டிங்கிலேயே குக்கர் விசில் அடித்தது. நீங்கள் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தா பேசுகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். இரண்டாவது மீட்டிங்கில் நஞ்சம்மாள் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். மூன்றாவதில் கடுகு தாளித்தபோது, பெங்களூரில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் காதில் இருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்கள். அதற்கு நடுவே நெட்டு வேறு அடிக்கடி விழுந்தது. முடிச்சுப் போட்ட கண்ணாடி என்ன செய்யும்?

மேனேஜர் மரியாதையாகவே எழுதியிருந்தார். திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு முன்னால் அவள் செய்துகாட்ட வேண்டிய விளக்கம் இருக்கிறது. அதுவும் இப்படியே அறுந்தால், வீட்டில் இருந்து வேலை பார்ப்பது ரத்து. பெங்களூர் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

அன்று சோறு சாப்பிடும்போது லோகப்பிரியா ஆரம்பித்தாள்.

“மாமா, மோடத்தை மறுக்கா மாடிக்கே வெச்சுப்போடலாமுங்களா?”

“அதெப்பிடி அம்மணி? சாமி வெச்ச எடம். தொடப்படாது.”

“என்ற வேலை போயிருமுங்க மாமா.”

“போவாது. சாமிகிட்டக் கேக்கலாம். சனிக்கெழம மறுநோட்டம் பாக்க வாராரு.”

“சாமி என்னன்னு சொல்லுவாருன்னு எனக்கே தெரியுமுங்க. இன்னொரு கேபிள் வாங்கச் சொல்லுவாரு.”

“அட, சாமிய அப்பிடியெல்லாம் பேசாத கண்ணு” என்றாள் நஞ்சம்மாள். “நம்ம கண்ணு முன்னாலதான காய் எந்திரிச்சு நின்னுச்சு?”

லோகப்பிரியா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

“மாமா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கப்படாது. நம்ம பம்ப் ஒண்ணை டெஸ்ட் பெஞ்சுல போடாம அனுப்புவீங்களா?”

“அதெப்பிடி அனுப்பறது? பேரு கெட்டுப்போயிரும்.”

“பொறத்தால பாத்தா பெயின்ட் பளபளன்னு இருந்தாலும்?”

“பெயின்ட்டா தண்ணி எறைக்குது?”

“அப்ப சாமிய எந்தப் பெஞ்சுல போட்டீங்க மாமா?”

செங்கோடன் சோற்றில் குழி பறித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதன்மேல் மோரையும் ஊற்றிக்கொண்டார். நஞ்சம்மாள் பதறிப்போய்த் தட்டைப் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்துகொண்டே, “போடலாம்” என்றார். “பெஞ்சுல போட்டே பாத்துப்போடலாம். சாமி பாஸ் ஆயிருவாரு. அப்பறம் நீ வாயத் தொறக்கப்படாது.”

“பாஸ் ஆனா நான் பெங்களூருக்கு மூட்டை கட்டிக்கறேனுங்க. ஆவாட்டி, அன்னைக்கே மோடம் மாடிக்குப் போவணும்.”

“சரி.”

சோதனை என்ன என்பதை அவளே சொன்னாள். எளிய சோதனை. பட்டறையில் மோட்டார் கட்டும் அட்டைப்பெட்டிகள் ஆறு, எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் மோடம், பேட்டரியில் ஓடிக்கொண்டு இருக்கும், அலை அடித்துக்கொண்டே இருக்கும். மற்ற ஐந்தில் கண்டது கழியது. கான்கிரீட்டுக்குள் புதைத்தாலும் அலையைக் கண்டுபிடிக்கும் தேங்காய்க்கு அட்டைப்பெட்டி எம்மாத்திரம்?

“பொட்டிக்குள்ள வெக்கறது நீங்க மாமா. எங்க யாருக்கும் தெரியப்படாது. வெச்சுப்போட்டு நீங்க ரூமுக்குள்ளயே இருந்துக்கோணும். வெளிய வந்தா உங்க மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்.”

சனிக்கிழமை காலை. போர்ட்டிகோவில் ஆறு பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றிலும் ‘செங்கோடன் பம்ப்ஸ்’ என்று அச்சடித்து, டேப் ஒட்டி. செங்கோடன் தன் கையாலேயே எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளே இருந்து மாட்டு மணிச் சத்தமும் தரகர்களின் கூச்சலும் கேட்டன. மனிதர் சந்தை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

லோகப்பிரியா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒரு நிமிஷம் கதவையே பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.

தலைவர் வெங்கடபதி தலைமையில் குறிஞ்சி கார்டனே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி காம்பவுண்டுச் சுவர்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளும் சுவாமிகளின் வாடிக்கைதான். உங்களுக்கு மேற்குதான் விசேஷம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். அவள் வீட்டில் மேற்கே பாத்ரூம். “மூணு வாரமா மோடத்துக்கு மழைக்கோட்டு போட்டு வெச்சிருக்கேனுங் அக்கா” என்று நஞ்சம்மாளிடம் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

சுவாமிகள் வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். முகம் ஒரு சுற்று சிறுத்தது.

“சாமி, மாமா ஆசப்படறாருங்க” என்றாள் லோகப்பிரியா கையைக் கட்டிக்கொண்டு. “இதுல ஒரு பொட்டியில மோடம் இருக்குது. சாமி காட்டிப்போட்டா ஊரே கும்புட்டுக்கும்.”

“தெய்வத்தைச் சோதிப்பது…” என்று ஆரம்பித்தார் சுவாமிகள்.

“தெய்வத்தை இல்லீங் சாமி. தேங்காய.”

“இன்று நாள் சரியில்லை.”

“நாள் குறிச்சுக் குடுத்ததே நீங்கதானுங்களே?”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கும் இருமல் அது. வெங்கடபதி முன்னால் வந்து, “சாமிக்கு இதெல்லாம் ஒரு விஷயமாங்க? காட்டிப்போடுங்க சாமி, சயின்ஸ்தானே” என்று உற்சாகமாகச் சொன்னார். எதிரிகூட இவ்வளவு கச்சிதமாகக் கழுத்தைப் பிடித்திருக்க மாட்டான்.

சுவாமிகள் சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். சொம்பைக் கடைசிப் பெட்டியின்மேல் வைத்தார். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்தார். நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்றாவது பெட்டி. காய் அசைந்தது. மெதுவாக எழுந்தது. நின்றது.

“இதோ!” என்றார். “ஊற்றாகப் பொங்குகிறது! என் முழங்கை வரை அதிர்கிறது!”

கூட்டம் கைதட்டியது. லோகப்பிரியா டேப்பைக் கிழித்தாள். உள்ளே ஒரு பூசணிக்காய்.

கைதட்டல் பாதியில் நின்றது. சுவாமிகள் அசரவில்லை. “திருஷ்டி! பூசணி திருஷ்டியை இழுக்கும், திருஷ்டி அலையை இழுக்கும். காய் ஏமாறவில்லை, பூசணி ஏமாற்றிவிட்டது.”

“அதானே” என்றார் வெங்கடபதி, ஆனால் குரலில் பழைய பௌதிகம் இல்லை.

பூசணியை அப்புறப்படுத்தினார்கள். மறுபடி நடை. இந்தத் தடவை முதல் பெட்டி. காய் கம்பீரமாக நின்றது. திறந்தார்கள். நஞ்சம்மாளின் அடி ஓட்டையான இட்லிக் குண்டா.

“என்ற குண்டா!” என்றாள் நஞ்சம்மாள். “இத ஒரு மாசமாத் தேடுறேனுங்க!”

“பாத்தீங்களா, காணாமப்போன பொருளக்கூடக் கண்டுபுடிச்சுப்போட்டாரு” என்றாள் ரம்ஜான் பீவி சுவருக்கு மேலிருந்து. இப்போது இருமல் போதவில்லை. கூட்டம் வெளிப்படையாகவே சிரித்தது.

மூன்றாவது தடவை சுவாமிகள் நான்காவது பெட்டியைக் காட்டினார். கிரைண்டர் கல். அதைப் பார்த்ததும் அவருடைய செந்தமிழ் கழன்று விழுந்தது.

“காத்து அடிக்குதுங்க! இத்தன பேரு மூச்சு உட்டா காய் எப்பிடீங்க நிக்கும்?”

“நின்னுச்சுங்களே சாமி” என்றாள் லோகப்பிரியா. “மூணு தடவையும் நல்லாத்தான் நின்னுச்சு. நிக்காதது மோடம் இருக்கற எடத்துல மட்டும்தான்.”

“மோடம் எங்க? மோடமே வெக்கலியோ என்னமோ!” என்றார் சுவாமிகள். “மாமா!” என்று குரல் கொடுத்தாள் அவள். சந்தைச் சத்தம் நின்றது. செங்கோடன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். திறந்து கிடந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தார். நேராகக் கடைசிப் பெட்டியிடம் போனார். அதன்மேல் இருந்த சுவாமிகளின் சொம்பை எடுத்துக் கீழே வைத்தார். டேப்பைக் கிழித்தார். உள்ளே மோடம், பொட்டும் பச்சை விளக்குமாக, பேட்டரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டு இருந்தது.

சுவாமிகள் அதைத் தாண்டி எத்தனை தடவை நடந்தார் என்பதைச் சொல்லி அவரை நோகடிக்க விரும்பவில்லை. கடைசித் தடவை அதன்மேல் கையூன்றி இளைப்பாறினார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் தேங்காய் கை நழுவியது. சிமென்ட் தரையில் விழுந்தது. விழுந்த தேங்காய் உருள வேண்டும் அல்லவா? இது உருளவில்லை. ஒரு ஆட்டம் ஆடி, குடுமியை மேலே தூக்கிக்கொண்டு, மோடமும் இல்லை, மந்திரமும் இல்லை, சுவாமிகளின் கையும் இல்லை, தானாக எழுந்து நின்றது.

நஞ்சம்மாள் மூக்கைச் சுளித்தாள். “ஏனுங்க, தேங்காயில இருந்து வௌக்கெண்ணெய் நாத்தம் வருது?”

சுவாமிகள் குனிந்து எடுக்கப் போனார். செங்கோடன் முந்திக்கொண்டார். காதருகே வைத்து ஒரு குலுக்கு. திருப்புளி தேவைப்படவில்லை. அவருடைய முகம் பட்டறையில் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டது.

“இது தண்ணிச் சத்தம் இல்லீங்களே” என்றார்.

கோயிலில் விடலை போடுவது போல ஓங்கித் தரையில் அடித்தார். ஓடு தெறித்தது. உள்ளே பருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. பசை மாதிரி விளக்கெண்ணெய். அதற்குள் பளபளவென்று எஃகுக் குண்டுகள். கையை இம்மி சாய்த்தால் போதும், குண்டுகள் எண்ணெய்க்குள் மெதுவாக அடிப்பக்கம் இறங்கும், காய் ராஜா மாதிரி மெதுவாக எழுந்து நிற்கும். போர் போட்ட காட்டுக்கெல்லாம் ஆயிரம் அடி ஆழத்துக்குக் கிடைக்காத பதில், ஒரு சாண் ஓட்டுக்குள் இருந்தது. கண் ஓட்டையை மெழுகு வைத்து அடைத்து, அதன்மேல் பக்தியோடு குங்குமம் அப்பியிருந்தார்கள்.

செங்கோடன் ஒரு குண்டை எடுத்து வேட்டியில் துடைத்தார். விரலில் உருட்டிப் பார்த்தார்.

“பேரிங் குண்டு” என்றார். “தேஞ்சது. நம்ம பட்டறையில இத ஸ்கிராப்ல போடுவோம்.”

கொஞ்சம் கோபம் வந்தவர்கள் கியூஆர் அட்டையில் போட்ட காணிக்கையைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்டால் எவ்வளவு போட்டோம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் சுவாமிகளுக்கு முதலீடு தேங்காய் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். முதலீடு நம்முடைய கூச்சம்.

சுவாமிகள் சொம்பை எடுத்துக்கொண்டார். அந்த நிலையிலும் வழக்கம் விடவில்லை. “வாரேனுங்க” என்றார்.

“போயிட்டு வாங்க சாமி” என்றாள் நஞ்சம்மாள், அவளுக்கும் வழக்கம் விடாமல். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வராதீங்க” என்று திருத்தினாள் ரம்ஜான் பீவி.

தலைவர் வெங்கடபதி எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. பௌதிகம் படித்தவர், ஒலியில்லாமல் நகரத் தெரியும்.

அன்று மத்தியானமே ஷேக் பரீத் வந்து, மஞ்சள் அரைஞாணை அறுத்துப்போட்டு, கேபிளை நேராக மாடிக்கு இழுத்து, மோடத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை லோகப்பிரியா தன் அறையில் உட்கார்ந்து பேசினாள். விசில் இல்லை, கடுகு இல்லை, ஒரு தடவைகூட அறுபடவில்லை. பெங்களூருக்கு மூட்டை கட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி. மோட்டாரைப் பெஞ்சில் ஏற்றாமல் வாங்க மாட்டீர்கள். நூலை இழுத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டீர்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேச மாட்டீர்கள். உங்கள் மூளையை வாங்க வருகிறவனை மட்டும் ஏன் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வரவேற்கிறீர்கள்?

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே செங்கோடன் மாடிப்படி ஏறி வந்தார்.

“அம்மணி, மோடம் பழைய எடத்துக்கே வந்துபோச்சு. இப்பவும் பொழுது சாஞ்சா சந்த சுத்துதே? சாமி பொய்யின்னா, கோளாறு என்னதான்?”

லோகப்பிரியாவுக்குக் காலையில் இருந்து மனதில் உறுத்திக்கொண்டு இருந்தது அதுதான். மோடம் லைனில் இருந்து கழன்று பெட்டிக்குள் கிடந்தபோது, அறைக்குள் சந்தை எப்படி ஓடியது?

“போனைக் குடுங்க மாமா” என்றாள்.

வாங்கிப் பார்த்தாள். போன் கம்பெனி தினமும் கொடுக்கும் மொபைல் டேட்டா அன்றைக்கும் தீர்ந்திருந்தது. போன் வாங்கின நாளில் இருந்து அதில் வைஃபை ஆன் செய்யப்படவே இல்லை.